பேயைத் தேடியவர்கள் மறந்த பிள்ளைகள்

அச்சமூட்டும் கதைகளை மனிதன் ஏன் விரும்பிப் படிக்கிறான் என்பது பழைய கேள்வி. ஒரே கதையைப் படித்துவிட்டு, ஒருவர் பேய் உண்டென்றும் மற்றவர் இல்லையென்றும் சாதிப்பது ஏன் என்பது அதனினும் சுவையான கேள்வி. ஆங்கில இலக்கியத்தில் நூறாண்டைக் கடந்தும் ஓயாத வழக்கொன்று இதற்குச் சான்றாக நிற்கிறது.

ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ' என்னும் குறுநாவல் 1898-ல் அமெரிக்காவின் 'காலியர்ஸ்' வார இதழில் தொடராக வெளிவந்தது. அதன் வித்து, 1895 சனவரியில் கான்டர்பரிப் பேராயர் பென்சன் தம்மிடம் கூறிய செய்தியொன்றில் கிடைத்ததென ஜேம்ஸ் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

எஸ்ஸெக்ஸ் நாட்டுப்புறத்தில் ப்ளை என்னும் மாளிகை. பெற்றோரை இழந்த மைல்ஸ், ஃப்ளோரா என்னும் இரு குழந்தைகள் அங்கே வளர்கின்றனர். பொறுப்பாளரான பெரிய தந்தை லண்டனில் சொகுசாக வாழ்கிறார். இருபது வயதுப் பெண்ணொருத்தியை ஆசிரியையாக அமர்த்தி, எக்காரணங்கொண்டும் தமக்குத் தொல்லை தரலாகாது என்று நிபந்தனை விதிக்கிறார். மாண்டுபோன பணியாள் க்விண்ட்டும் முன்னாள் ஆசிரியை ஜெஸ்ஸலும் ஆவிகளாய் வந்து பிள்ளைகளைக் கெடுப்பதாக அவள் நம்புகிறாள். முடிவில் ஃப்ளோரா அவளை வெறுத்துப் பிரிகிறாள்; காப்பாற்றுவதாக எண்ணி அவள் இறுகப் பற்றிய கரங்களிலேயே சிறுவன் மைல்ஸ் உயிர் துறக்கிறான்.

அன்றைய வாசகர் பலர் இதனை நேரான பேய்க்கதையாகவே கொண்டனர். 1899-ல் அமெரிக்காவின் 'இண்டிபெண்டென்ட்' இதழ், மாசற்ற மழலையைக் கறைப்படுத்தும் தீய கதையெனக் கடிந்தது. 1924-ல் எட்னா கென்டன் என்னும் அம்மையார், ஐயத்தை ஆசிரியையின்பால் திருப்பினார். 1934-ல் எட்மண்ட் வில்சன், ஃப்ராய்டின் உளநூலைத் துணைகொண்டு, பேய்கள் அவளுடைய அடங்கிய ஆசைகளின் உருவெளித் தோற்றங்களே என்றார். 1947-ல் ராபர்ட் ஹைல்மன் அதனை வன்மையாக மறுத்தார்.

இரு சாராருக்கும் ஆதாரம் உண்டு. முன்பின் பார்த்திராத க்விண்ட்டின் அங்க அடையாளங்களை அவள் விவரிக்க, வீட்டுப் பொறுப்பாளரான குரோஸ் அம்மையார் அவனை இன்னாரென இனங்காண்கிறார். ஆயினும், ஏரிக்கரையில் ஜெஸ்ஸல் நிற்பதாக அவள் சுட்டியபோது அதே அம்மையாரின் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை! தீமை இன்னதென்று தாம் வேண்டுமென்றே விளக்காமல் விட்டதையும், அவ்விடத்தைப் படிப்பவரின் கற்பனையே நிரப்பிக்கொள்ளும் என்பதையும் ஜேம்ஸ் 1908-ல் தம் முன்னுரையில் விளக்கினார்.

திருமறையின் இறுதி அத்தியாயத்தை நாள்தோறும் ஓதும் நமக்கு இவ்வழக்கு புதிதன்று. நெஞ்சங்களில் ஊசாட்டம் செய்வோனிடமிருந்து பாதுகாவல் தேடும் அச்சூரா, அவன் ஜின்களிலும் உண்டு, மனிதரிலும் உண்டு என்று முடிகிறது. தீமை வெளியிலிருந்து வந்ததா, உள்ளத்திலிருந்து எழுந்ததா என்று ஆய்வாளர் வாதிட்டனர். எங்கிருந்து வந்தாலும் அது நுழையும் இடம் நெஞ்சமே என்று மறை நமக்கு உணர்த்துகிறது.

எனவே நாம் கேட்க விரும்புவது வேறு. மைல்ஸைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள இயலாதெனப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. காரணம் அதில் இல்லை. ஆசிரியை பள்ளிக்கு எழுதிக் கேட்டாளா? இல்லை. தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணித்து, ஊகங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கவும் கட்டளையிடுகிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். விசாரணை இருக்கவேண்டிய இடத்தில் ஊகம் குடியேறியது. ஏதோ சிலவற்றைத் தனக்குப் பிடித்த தோழர்களிடம் சொன்னதுதான் தன் குற்றமென அச்சிறுவன் இறுதியில் வாய்திறக்கிறான். அன்பாக முன்னரே கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கக்கூடிய செய்தியன்றோ அது!

அவளைவிடப் பெருங்குற்றவாளி ஒருவர் இருக்கிறார். எத்தீம்களின் அமானிதத்தை ஏற்றுக்கொண்டு, 'எனக்குத் தொல்லை வேண்டாம்' என்று ஒதுங்கிய பெரிய தந்தையே அவர். எத்தீமாகப் பிறந்த நம் நாயகம் (ஸல்) அவர்கள், எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எத்துணை நெருக்கமானவர் என்பதை இரு விரல்களைக் காட்டி உணர்த்தினார்கள். ஊதியம் கொடுத்து ஆள் அமர்த்துவதோடு அப்பொறுப்பு முடிந்துவிடுமா? அம்மாளிகையைப் பேய் பிடிக்குமுன்பே பொறுப்பின்மை பிடித்திருந்தது.

பேய் உண்டா இல்லையா என்று நூறாண்டு வாதிட்ட மேதைகளுள் பலர், அச்சிறுவனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்க மறந்தனர். விடுதிக்கும் பள்ளிக்கும் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நிம்மதி கொள்ளும் பெற்றோரும், குறும்பைக் கண்டவுடன் 'இவன் கெட்டவன்' என்று முத்திரை குத்தும் ஆசிரியர்களும் இக்கதையைப் படித்தால், இரவில் பேயை நினைத்து அஞ்சமாட்டார்கள். தம்மையே நினைத்து அஞ்சுவார்கள். அவ்வச்சம் நன்மை பயப்பது. வல்ல இறைவன் அதனை நமக்கு அருள்வானாக!