ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு

ரோம் நகருக்கு வடமேற்கே இருக்கிறது சிவித்தாவெக்கியா துறைமுகம். மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்கள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. பெட்டியை அறையில் வைத்துவிட்டு மேல்தளத்துக்கு விரையும் பயணியைச் சங்கொலி ஒன்று தடுத்து நிறுத்துகிறது. ஏழு முறை குறுகியதாக, எட்டாவது முறை நீளமாக. எந்த நாட்டுக் கப்பலானாலும் அவசர அழைப்பு இதுதான். இப்போது ஒலிப்பது பயிற்சிக்காக.

அறைக்குக் கொடுத்த அட்டையிலேயே அவசர நேரத்தில் அவர் போய்ச் சேரவேண்டிய இடத்தின் எழுத்து அச்சாகியிருக்கும். அங்கே ஓர் ஊழியர் அட்டையை ஸ்கேன் செய்து வருகையைப் பதிகிறார். இன்னொருவர் லைஃப் ஜாக்கெட்டைத் தலைவழியே மாட்டி, இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கிக் காட்டுகிறார். அதில் ஒரு விசிலும், இருட்டில் மிதப்பவரை அடையாளம் காட்டும் சிறு விளக்கும் இருக்கின்றன.

2012 ஜனவரி 13 மாலை. இதே துறைமுகத்திலிருந்து 4,229 பேருடன் புறப்பட்டது கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல். இங்கே ஏறிய சுமார் 700 பேருக்கு மறுநாள்தான் இந்தப் பயிற்சி என்று வைத்திருந்தார்கள். ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய சர்வதேச விதி.

கிளம்பி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஜீலியோ தீவை மிகவும் ஒட்டிப் போன கப்பலின் இடப்பக்கத்தைப் பாறை கிழித்தது. எஞ்சின் பகுதியில் தண்ணீர் புகுந்து மின்சாரம் போயிற்று. வெறும் மின்கோளாறு என்றுதான் பயணிகளிடம் சொன்னார்கள். கப்பலைவிட்டு வெளியேறும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டதால் சில உயிர்காப்புப் படகுகளை இறக்கவே முடியவில்லை. 32 பேர் உயிரிழந்தார்கள். கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோவுக்கு 16 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அடுத்த மாதமே, புறப்படுவதற்கு முன் பயிற்சியை முடித்துவிடுவது என்று கப்பல் நிறுவனங்களின் சங்கங்கள் தாமாகவே முடிவெடுத்தன. டைட்டானிக் மூழ்கிய பின் 1914-இல் உருவான, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையும் திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

கொரோனா காலத்துக்குப் பிறகு பல கப்பல்களில் பயிற்சிக்கான விளக்கப் படம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. கூட்டமாக நிற்கவேண்டியதில்லை, அவரவருக்குத் தோதான நேரத்தில் தமக்குரிய இடத்துக்குப் போய் அட்டையைப் பதிந்தால் போதும். வசதிதான். ஆனால் படத்தை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவருக்கு அவசர நேரத்தில் எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று தெரியாது. மின்சாரம் போனால் லிஃப்ட் உதவாது.

ஆகவே, கப்பல் ஏறும் அன்றே குடும்பத்தோடு அறையிலிருந்து அட்டையில் குறித்த இடம்வரை படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கப்பல் கிளம்புமுன் கேட்டு வாங்கி வையுங்கள்.