பாதிச் சுற்று

திருநீர்மலையில் பெருமாளுக்கு நான்கு நிலைகள். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்பார்கள். அடிவாரத்துக் கோயிலில் நிற்கிறார். மேலே நரசிம்மராக உட்கார்ந்து, ரங்கநாதராகப் படுத்து, உலகளந்தவராக நடக்கிறார். குரோம்பேட்டைக்கு மேற்கே இருக்கும் இந்தச் சிறிய குன்றை நானும் என் நண்பரும் பல வருஷங்களாக விடியற்காலையில் சுற்றி வந்திருக்கிறோம். காற்றின் திசையைப் பொறுத்து நாகல்கேணித் தோல் பதனிடும் வாடை கூடவே வரும். அவருக்கு அது கிரிவலம். எனக்குச் சர்க்கரை வியாதி.

திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது குன்றைச் சுற்றித் தண்ணீர் நின்றதென்றும், வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்தாரென்றும் ஸ்தல புராணம். 2015 டிசம்பர் வரை எனக்கு இது வெறும் கதையாகத்தான் இருந்தது. அந்த மாதம் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரில் என் வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. என்னையும் என் மனைவியையும் ஒன்பது நாட்கள் சானடோரியத்தில் தம் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டவர் இந்த நண்பர். அந்த ஒன்பது நாட்களைப் பற்றி அவர் பிறகு ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பின்னால் சொல்லப்போகிற காரியத்துக்கு இது அவசியம் என்பதால் முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

திவ்ய தேசங்கள் 108. அவற்றில் இரண்டு இந்த உலகத்தில் இல்லை. மீதி 106இல் அவர் 105 பார்த்துவிட்டார். பாக்கி இருந்தது நேபாளத்தில் உள்ள சாளக்கிராமம் என்ற முக்திநாத். திருமங்கையாழ்வார் நீர்மலையையும் பாடியிருக்கிறார், சாளக்கிராமத்தையும் பாடியிருக்கிறார். நேரில் போனாரா என்று நான் கேட்டால் அவர் சிரிப்பார். இப்போது நம் ஊர் யாத்திரைக் கோஷ்டிகள் பொக்ராவிலிருந்து சின்ன விமானத்தில் ஜோம்சோம் போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறி, தரிசனம் முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். நண்பருக்கு அதில் இஷ்டமில்லை. “நித்தியம் நடந்தானைச் சேவிக்கிறவன் ஸார் நான். ஜீப்பில போய் இறங்கறதா?” என்றார்.

எனக்கு வேறு ஆசை. அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. வெளிநாட்டவருக்கு 1977இல் திறந்துவிட்டார்கள். பெசிசஹாரில் சுமார் 800 மீட்டர் உயரத்தில், நெல் வயல்களுக்கு நடுவே ஆரம்பித்து, மர்சியாங்டி ஆற்றோடு ஏறி, மனாங் வழியாக 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கணவாயைக் கடந்ததும் முதலில் வருகிற பெரிய ஊர் முக்திநாத். அவருடைய கோயிலும் என்னுடைய பனியாறுகளும் ஒரே பாதையில் இருந்தன. 2018 அக்டோபரில் கிளம்பினோம்.

பயிற்சி என்று சொல்லிக்கொண்டு பச்சைமலையில் ஏறினோம். தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் முதுகுப் பையில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்கினோம். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் எங்களை இரண்டு நாள் கவனித்துவிட்டு மூன்றாம் நாள் விசாரித்தார். காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சௌரி முத்து 1928இல் சானடோரியத்தை ஏற்படுத்திய இடத்தில் நாற்பது வருஷம் காற்று வாங்கியவன், எனக்கு என்ன மூச்சுத் திணறப் போகிறது என்பார் நண்பர்.

போன பிறகுதான் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. இந்தச் சுற்றை எல்லோரும் கிழக்கே ஆரம்பித்து மேற்கே முடிக்கிறார்கள். அதாவது மலை இடப்பக்கம் இருக்கிறது. அப்பிரதட்சிணம். காரணம் வைத்திய ரீதியானது. கிழக்கிலிருந்து ஏறினால் உயரத்துக்கு உடம்பு பழகப் படிப்படியாகத் தங்குமிடங்கள் உண்டு. முக்திநாத் பக்கமிருந்து ஏறுவதென்றால் ஒரே நாளில் ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். இதை அவருக்கு விளக்கினேன். ஒப்புக்கொண்டார், ஆனால் சமாதானமாகவில்லை. வழியில் வரும் மணிச் சுவர்களை மட்டும் விடாமல் வலப்பக்கம் வைத்து நடந்தார்.

தங்குமிடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் புரண்டால் நம் கட்டில் ஆடும். நடுக்கூடத்தில் இரும்புக் கணப்பு. அதைச் சுற்றி ஈரக் காலுறைகள், பல தேசத்துக் கால்கள். எல்லா ஊரிலும் பருப்பும் சோறும் உண்டு, கேட்டால் இன்னொரு தடவை போடுவார்கள். உயரம் ஏற ஏற விலையும் ஏறும். பூண்டு சூப் குடித்தால் தலைவலி வராது என்ற நம்பிக்கை அங்கே ஒரு மதம். வெங்காயம் பூண்டு சேர்க்காத நண்பர் அந்த மதத்துக்கும் வெளியே நின்றார்.

மனாங் 3,540 மீட்டர். ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும் என்பது விதி. ஊருக்கு எதிரே கங்காபூர்ணா சிகரம், அதிலிருந்து இறங்கும் பனியாறு, அதன் காலடியில் பால் கலந்த பச்சையில் ஓர் ஏரி. மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் சரியல்ல. அதைப் பார்க்க என்னிடம் வார்த்தை இல்லை. மார்கழியில் ஜி.எஸ்.டி. சாலை மேல் படர்வதும் பனி, புல்நுனியில் நிற்பதும் பனி, இங்கே ஒரு மலைச் சரிவையே அடைத்துக்கொண்டு, தன் எடையால் தானே நகர்ந்து, கல்லை அரைத்துக்கொண்டு வருவதும் பனி. ‘பனியாறு’ என்பது அகராதிக்காரர்கள் ஒட்டுப்போட்ட சொல். அதில் ஈரம் இருக்கிறது, எடை இல்லை. நான் எதிர்பார்த்த வெண்மையும் அங்கே இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த பழஞ்சுவர் மாதிரி, அழுக்குச் சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் இடிபாடு. நம் மொழியில் இமயத்தைப் பற்றி எழுதியவை பெரும்பாலும் ஸ்தோத்திரமாகவே இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கண்ணால் கண்ட அழுக்கை எழுதச் சொல் வேண்டும், துதிப்பதற்கு இருக்கிற சொல் போதும். 1950இல் அன்னபூர்ணாவை ஏற வந்த பிரெஞ்சுக்காரர்கள் மலை எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் அலைந்தார்கள், கையிலிருந்த வரைபடம் தப்பு.

விடுதிக்காரப் பெண்மணி, தான் சிறுமியாக இருந்தபோது பனி எதுவரை இருந்தது என்று கையால் காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் இப்போது ஏரி. இமய வட்டாரத்துப் பனியாறுகள் 2011க்குப் பிந்தைய பத்தாண்டில் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவிகிதம் வேகமாகக் கரைந்ததாக 2023இல் ஓர் அறிக்கையில் படித்தேன். அன்றைக்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது. நண்பர், “இங்கயும் நீர்மலைதானே ஸார்” என்றார்.

மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு வைத்தியசாலை இருக்கிறது. பிற்பகலில் ஒரு டாக்டர் உயர நோயைப் பற்றிப் பேசுவார். தலைவலியும் வாந்தியும் இருந்தால் மேலே ஏறாதே, குறையாவிட்டால் இறங்கு, நோயாளியை ஒருபோதும் தனியாக விடாதே. சின்னப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

யாக் கர்காவில் நண்பருக்குத் தலைவலி. இல்லை என்றார். தோரோங் பேதியில், 4,500 மீட்டரில், ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது தடவையாக வாந்தி எடுத்தார். விடுதிக்காரர் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். எழுபதுக்குக் கீழே காட்டியது. உடனே இறங்க வேண்டும் என்றார். எங்களுக்கு ஒரே சுமைக்காரர், லாம்ஜுங் பக்கத்துப் பையன், கெட்டிக்காரன். நண்பர் கட்டிலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டப் பார்த்தார், விரல் ஒத்துழைக்கவில்லை. நான் குனிந்து கட்டினேன். அப்போது என் தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது: “இவன் என்னை அழைச்சுண்டு போயிடுவான். நீங்க ஏன் திரும்பணும்? போங்கோ. எனக்கும் சேர்த்துச் சேவிச்சுட்டு வாங்கோ.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். அவர் தனியாகப் போகவில்லை, பையன் கூட இருக்கிறான், டாக்டர் சொன்ன விதி எதையும் நான் மீறவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் நான் ‘சரி’ சொன்ன வேகத்தை அவர் கவனித்தார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை. ஒரு சின்ன ஆச்சரியம், அவ்வளவுதான். கீழே இறங்கிய இரண்டு விளக்குகளும் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன் என்று எழுத ஆசை. நிற்கவில்லை. மேலே போகிற கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது.

கணவாய்க்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. இருபது அடி, நின்று மூச்சு, இருபது அடி. 2014 அக்டோபரில் இதே இடத்தில், இதே பருவத்தில், நம் வங்காள விரிகுடாவில் கிளம்பிய ஹூட்ஹூட் புயல் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறி, இரண்டு நாள் கழித்து இங்கே வந்து பனியாகக் கொட்டியது. அன்னபூர்ணா, தவுளகிரி வட்டாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். யாத்திரிகர்கள், வழிகாட்டிகள், சுமைக்காரர்கள். நமக்கு மழையாக வந்திருக்க வேண்டியது. நான் போன அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உச்சியில் கொடித் துணிகள், ஒரு பெயர்ப்பலகை, ஒரு டீக்கடை. பலரும் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள். எனக்கு வாயில் கசப்பு. டீ குடித்தேன்.

இறக்கம் முழங்கால்களைத் தின்றது. முக்திநாத் வாசலில் குரங்குக் குல்லாய்களோடு நம் ஊர்க் கோஷ்டி ஒன்று. எந்த ஊர் என்று கேட்டார்கள். தாம்பரம் என்றதும் ஓர் அம்மாள் என் கையில் புளியோதரைப் பொட்டலத்தைத் திணித்தாள். நடந்தே வந்தேன் என்று தெரிந்ததும் இரண்டு பேர் என்னை விழுந்து சேவித்துவிட்டார்கள். தடுக்க உடம்பில் தெம்பில்லை. நம்பாதவன் ஒருவனுக்கு இதைவிட அசௌகரியமான இடம் கிடைக்காது.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள். மாட்டுத் தலை வாய்களிலிருந்து பனிக்கட்டியின் குளிர்ச்சியோடு தண்ணீர் விழுகிறது. எல்லாவற்றிலும் நனைய வேண்டும். நண்பருக்காக என்று சட்டையைக் கழற்றினேன். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தலை மரத்துவிட்டது. கையை மட்டும் நீட்டிக்கொண்டு போனேன். அறுபதுக்குச் சற்று மேலே எண்ணிக்கை தவறியது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். பிக்குணி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

காக்பேனியில் ஆற்றுப் படுகையில் ஒரு கறுப்புக் கல் எடுத்தேன். அங்கே கிடைக்கிற சாளக்கிராமம் என்பது, இமயம் எழுவதற்கு முன் அந்த இடத்திலிருந்த கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டுப் பிராணி கல்லில் விட்டுப்போன வடிவம். இது தெரிந்தும் சந்தையில் விலை கொடுத்து வாங்க மனம் வரவில்லை.

பொக்ராவில் அவர் சௌக்கியமாக, முகச் சவரம் செய்துகொண்டு காத்திருந்தார். மனாங் வந்ததுமே தலைவலி விட்டுப்போயிற்றாம். “ஒரு விஷயம் கவனிச்சேளா? திரும்பினதும் மலை எனக்கு வலப்பக்கம் வந்துடுத்து” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “நூத்தெட்டுலயும் நனைஞ்சேளா?”

“நனைஞ்சேன்” என்றேன்.

அவர் கையை நீட்டினார். என்ன என்று புரியாமல் நானும் நீட்டினேன். இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. காலை நடை தொடர்கிறது, திருநீர்மலையை வலமாகத்தான். யாராவது கேட்டால் இன்னமும் 105 என்றே சொல்கிறார். விமானத்தில் போய்வரலாமே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார். கல்லை அவரிடம்தான் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரம் இல்லை, வெறும் கல்தான் என்றார். எறியவில்லை. பூஜை அலமாரியிலும் வைக்கவில்லை. கூடத்து மேஜையில், மின்விசிறிக்குப் பறக்காமல் செய்தித்தாள்களின் மேல் இருக்கிறது.