மழை பெய்தால்...

ஸ்பானிஷ் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையே எழுத வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன அடைமழைக் காலம். கணக்கில் அரியர் விழுந்திருந்தது. வீட்டில் முகம் காட்ட வெட்கப்பட்டு, எங்கள் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழை வலுத்தால் முன்பக்கம் தண்ணீர் தேங்கிவிடும். அன்றும் தேங்கியிருந்தது. ஸ்பெயின் நாட்டு அம்மா ஒருவர் மண்டபத்தில் ஒதுங்கி நின்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தேன். "'மழை பெய்தால் காத்திருப்பேன்' என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?"

"சி யுவேவே, எஸ்பெராரே" என்றார்.

'சி' என்பது நம்முடைய 'ஆல்'. 'எஸ்பெராரே' என்றால் காத்திருப்பேன். ஆனால் 'யுவேவே' என்றால் 'பெய்கிறது' என்றார். எனக்குச் சந்தேகம். "இனிமேல் பெய்யப்போகிற மழைக்கு எதிர்காலம் போட வேண்டாமா?" அவர் சிரித்தார். 'யோவெரா' என்று எதிர்கால வடிவம் உண்டாம். ஆனால் நிபந்தனை சொல்லும் 'சி'க்குப் பின்னால் அதைப் போட்டால் தப்பாம். எதிர்காலம் பின்பாதிக்குத்தான். நாம் 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதினால் இங்கிலீஷ் சார் சிவப்பு மையால் அடிப்பாரே, அதே கதை!

வீட்டுக்கு நடக்கும்போது நம் தமிழை யோசித்தேன். பழைய 'பெய்யின்' என்பதை எதிர்கால எச்சம் என்கிறது நன்னூல். ஆனால் நாம் பேசுகிற 'பெய்தால்' என்பதற்குள் இருப்பது 'த்'. 'பெய்தான்' என்பதில் உள்ள அதே இறந்தகால இடைநிலை. வந்தால், படித்தால், ஓடினால் எல்லாமே அப்படித்தான். நாளைய மழையைச் சொல்ல அவர்கள் இன்றைக் கடன் வாங்குகிறார்கள், நாம் நேற்றைக் கடன் வாங்குகிறோம். முன்பாதி முடிந்தால்தானே பின்பாதி!

வீட்டில் அப்பா தறிக்குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் தெருவில் பாவு போட முடியாது. பாவு போடாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. அந்தக் கூலியில்தான் என் பீஸ் கட்டினார்.

"இன்னும் நல்லா படிச்சிருந்தா பாஸாகியிருப்பேம்ப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "படிச்சிருந்தா கதையெல்லாம் வேணாம்டா. இனிமே படிச்சா என்ன ஆகும், அதச் சொல்லு."

பதில் சொல்லத் தெரியவில்லை. வாளியை வாங்கி நானும் இறைத்தேன்.

அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். 'எஸ்பெரார்' என்ற சொல்லுக்குக் காத்திருப்பது, நம்பியிருப்பது என்று இரண்டு பொருளாம். அப்பா இரண்டையும் சேர்த்தே செய்கிறார் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பேப்பரை மறுபடி எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை படித்துவிட்டு. மலர் உங்கள் கைக்கு வரும்போது ரிசல்ட்டும் வந்திருக்கும். பாஸானால் டீ நான் வாங்கித் தருகிறேன்!