மஞ்சள் பூவில் ஏமாந்தேன்

திருவனந்தபுரத்தில் மழை விட்ட மறுநாள் சாலையோரத்தைப் பாருங்கள். பச்சைப் பாய் விரித்து மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் ஒரு கொடி படர்ந்திருக்கும். இங்கு வந்த முதல் ஆண்டில் அதைக் கண்டு, "அடடா, மஞ்சள் கரிசாலை!" என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தீபாவளி விடுமுறையில் நான்கு துண்டுகளை ஈரத்துணியில் சுற்றித் தென்காசிக்கு எடுத்துச் சென்று கொல்லையில் நட்டேன். அறிவியல் படிக்கும் மகன் நட்டது. அம்மாவுக்கு ஐயம் வருமா? அடுத்த வீட்டு அத்தைக்கும் கிள்ளிக் கொடுத்தாள். நான் படிப்பது வேதியியல் என்பதை இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை.

விடுதித் தோட்டக்காரச் சேட்டன்தான் என் கண்ணைத் திறந்தார். "மோனே, இது மஞ்ஞக்கய்யோன்னி அல்ல, சிங்கப்பூர் டெய்சி" என்று இலையைக் கிள்ளிக் காட்டினார். அது மூன்று மடலாகப் பிளந்திருந்தது. கரிசாலையின் இலை பிளவின்றி நீண்டிருக்கும். பூ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏமாற்றுவது பூதான்.

பெயரில் சிங்கப்பூர், பிறந்ததோ மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம்! அழகுக்காகத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகப்பட்ட கொடி. தரையைத் தொடும் கணுவெல்லாம் வேர் விடும். அறுந்த துண்டும் தனிச் செடியாகும். உலகின் மிகக் கொடிய 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. வயநாட்டுக் காட்டில் மஞ்சள் கொன்றையின் கதையும் இதுவே. அழகுக்கென வைத்த அமெரிக்க மரம். வெட்டினால் அடிமரத்திலிருந்து மீண்டும் தழைக்கிறது. விஷுவுக்குப் பூக்கும் நம் சரக்கொன்றை, கேரளத்தின் மாநில மலர், இருக்கும்போது அது எதற்கு? நம் மன்ற வாசலுக்கும் வெட்சி போதும். இவ்வூரார் தெச்சி என்று கோயிலுக்குப் பறிப்பதும் அதைத்தான்.

அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் தயங்கினேன். சொன்னதும், "ஏ ஐயா, அத்தை அதைத் துவையல் அரைச்சுச் சாப்பிடுதாளே!" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். கணுவுக்குக் கணு வேர். இரண்டு கொல்லையிலுமாக நான்கு சாக்கு நிறைந்தது. வாய்க்காலில் எறிந்தால் அடுத்த ஊரிலும் முளைக்கும் என்று மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்தேன். அத்தைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பொங்கலுக்கு உண்மையான கரிசாலை நாற்றைச் சேட்டனிடம் காட்டி, கேட்டுத் தெரிந்துகொண்டு எடுத்துப் போனேன். அத்தை உடனே வாங்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டி, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் கையை நீட்டினாள்.