பனி நாட்டில் ஒரு பசுமைக்குடில்

ஆர்க்கிட் செடியை வளர்க்க மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ கூரை தேவையில்லை. துளையிட்ட மண்சட்டியில் கரித்துண்டுகளையும் தேங்காய் மட்டையையும் இட்டு, செடியை வேலியோரம் தொங்கவிட்டால் போதும். மற்ற வேலையை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். அதே செடியை வட இங்கிலாந்தில் வெளியே வைத்தால் அது ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டாது. லீட்ஸ் நகரில் டிசம்பர் மாதத்தில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். பல இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். அங்கே ஆர்க்கிட் வளர்க்க விரும்புபவர் செடியை வாங்கினால் மட்டும் போதாது. அதற்கேற்ற தட்பவெப்பத்தையும் அவரே உருவாக்க வேண்டும்.

ஈப்போவில் பிறந்த ஒரு தாதி அந்த வேலையில் துணிந்து இறங்கினார். 1970களில் மலேசிய இளையர் பலர் தாதியர் பயிற்சிக்காகப் பிரிட்டனுக்குச் சென்றனர். அவர்களுள் அவரும் ஒருவர். பயிற்சி முடிந்தது, வேலை கிடைத்தது, திருமணம், பிள்ளைகள் என்று வாழ்க்கை அங்கேயே வேரூன்றிவிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றபோது, அவருக்குள் ஓர் ஆசை எழுந்தது. அவருடைய தாயார் வீட்டு வேலியில் பூத்துக் குலுங்கிய ஊதாநிற வாண்டா மலரைத் தம் வீட்டுக் கொல்லையிலும் காண வேண்டும் என்பதே அது.

வார இறுதிகளில் வந்து போகும் பதினான்கு வயதுப் பேரனிடம் அவர் தம் திட்டத்தைக் கூறினார்.

“கண்ணாடிக் குடில் கட்டி, உள்ளே ஹீட்டர் வைத்தால் வளர்ந்துவிடும் இல்லையா, பாட்டி?” என்று கேட்டான் பேரன்.

“அப்படித்தான் நானும் நினைத்தேன், தம்பி. முதலில் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்,” என்றார் பாட்டி.

இருவரும் நூலகத்திலிருந்து நூல்களை எடுத்து வந்து படித்தார்கள். சிங்கப்பூரின் தேசிய மலராக 1981இல் அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம், அவர் மனத்தில் இருந்த பூவின் இனத்தைச் சேர்ந்ததுதான். அது நாள் முழுவதும் நேரடி வெயிலில் நின்றால்தான் நன்றாகப் பூக்கும். லீட்ஸ் நகரின் குளிர்காலப் பகலோ ஏழரை மணி நேரம்தான். அதிலும் பாதி நாள் மேகமூட்டம். “வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். வெயிலை எங்கே போய் வாங்குவது?” என்று பாட்டி நூலை மூடி வைத்தார். அன்று இரவு அவர் அதிகம் பேசவில்லை.

மறுவாரம் படித்த வேறொரு நூல் அவருக்குப் புதிய வழியைக் காட்டியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் நாட்டுச் செல்வந்தர்கள் வெப்பமண்டல நாடுகளிலிருந்து ஆர்க்கிட் செடிகளைக் கப்பல் கப்பலாக வரவழைத்தனர். வெப்பமண்டலச் செடி என்றால் புழுக்கத்தில்தான் வாழும் என்று அவர்கள் நம்பினர். நிலக்கரியால் சூடேற்றிய அறைகளில் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தனர். செடிகள் பெரும் எண்ணிக்கையில் மடிந்தன. உண்மையில் அவற்றுள் பல, இரவில் குளிரும் உயர்ந்த மலைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

டெர்பிஷயர் வட்டாரத்தில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் இதைப் புரிந்துகொண்டவர்களுள் ஒருவர். அம்மாளிகையிலிருந்து 1835இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஜான் கிப்சன் என்னும் தோட்டக்காரர், காசி மலைப்பகுதியிலிருந்து அரிய ஆர்க்கிட்டுகளைச் சேகரித்து வந்தார். பாக்ஸ்டன் செடிகளை அவற்றின் தேவைக்கேற்ப வெவ்வேறு வெப்பநிலையுள்ள குடில்களில் பிரித்து வைத்தார். புதிய காற்று உள்ளே வரவும் வழி செய்தார். செடிகள் பிழைத்தன. அவர் அங்கே உருவாக்கிய மாபெரும் கண்ணாடி மாளிகை 1840இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆயினும், முதல் உலகப் போரின்போது அதைச் சூடேற்ற நிலக்கரி கிடைக்கவில்லை. உள்ளே இருந்த செடிகள் பட்டுப்போயின. 1920இல் அந்த மாளிகையே இடிக்கப்பட்டது.

“அவ்வளவு பெரிய கட்டடமே நிலைக்கவில்லையே, பாட்டி?”

“அதனால்தான் நம்முடையது சிறியதாக இருக்கப்போகிறது, தம்பி. நம்மால் எவ்வளவு இடத்தைச் சூடேற்ற முடியுமோ, அவ்வளவுதான் கட்ட வேண்டும்.”

குடிலின் அளவு எட்டடி நீளம், ஆறடி அகலம் என்று முடிவாயிற்று. வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, சாய்வான கூரையுடன் அதை அமைத்தார்கள். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தெற்கு வானில் தாழ்வாகவே நகரும். அதனால் தெற்கு நோக்கிய சுவருக்கே வெயில் மிகுதியாகக் கிடைக்கும். செங்கல் சுவர் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்து, இரவில் மெல்ல வெளிவிடும். சுற்றிலும் இரண்டடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, அதன்மேல் மரச்சட்டங்களை நிறுத்தினார்கள். கண்ணாடிக்குப் பதிலாக, 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் பலகைகளைப் பொருத்தினார்கள். அந்தப் பலகைக்குள் வரிசையாக வெற்று அறைகள் இருக்கும். அவற்றில் அடைபட்ட காற்று, கம்பளி ஆடையைப்போல, வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். மின்கம்பி இழுக்கும் வேலையைப் பாட்டி யாரையும் தொடவிடவில்லை. தகுதிபெற்ற மின்பணியாளரையே அழைத்தார்.

நடைபாதை தவிர்த்த தரை முழுவதும் சரளைக்கல் பரப்பினார்கள். காலையில் அதன்மேல் தண்ணீர் தெளித்தால், அது மெல்ல ஆவியாகிக் காற்றை ஈரமாக வைத்திருக்கும். ஈரமான காற்று அசையாமல் நின்றால் செடி அழுகிவிடும் என்பதால், ஒரு சிறிய மின்விசிறி இரவும் பகலும் சுழன்றது. கூரையில் இருந்த சாளரத்தைத் திறக்க ஆளும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. அதனுடன் இணைந்த உருளைக்குள் மெழுகு இருந்தது. வெப்பம் கூடினால் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், சாளரம் திறக்கும். குளிர்ந்தால் மெழுகு சுருங்கும், சாளரம் மூடிக்கொள்ளும். பேரன் அதைப் பார்க்க வெயில் நாள்களில் நெடுநேரம் காத்திருப்பான்.

சூடேற்ற மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினால் செலவு குறையும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பாட்டி மறுத்துவிட்டார். எரிபொருள் சரியாக எரியாதபோது எத்திலீன் என்னும் வாயு வெளிப்படும். வாழைப்பழத்தைப் பழுக்க வைப்பதும் அதே வாயுதான். அது சிறிதளவு இருந்தாலும் ஆர்க்கிட் மொட்டுகள் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். ஆகவே, வெப்பநிலை 12 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தானே இயங்கும் மின்சூடேற்றியை அவர் பொருத்தினார். மழைநீர் நிரம்பிய இரண்டு பீப்பாய்களும் உள்ளே இடம்பெற்றன.

குடில் தயாரானதை அறிந்த உறவினர் ஒருவர், மலேசியக் காட்டிலிருந்து செடிகளைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவதாகத் தொலைபேசியில் சொன்னார். பாட்டி உடனே தடுத்தார். அனுமதியின்றி ஆர்க்கிட்டுகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்பது அனைத்துலக உடன்படிக்கை. கினபாலு மலைப்பகுதிக்கே உரிய ரோத்சைல்டு செருப்பு ஆர்க்கிட், சேகரிப்பாளர்களின் பேராசையால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டதை அவர் படித்திருந்தார். எனவே, உள்ளூர்ப் பண்ணைகளில் வளர்ந்த குளிர்மலைச் செடிகளையே வாங்கினார். முதிய ஆர்க்கிட் ஆர்வலர் ஒருவர், இமயமலைச் சாரலுக்குரிய சீலோஜினி கிரிஸ்டாட்டா என்னும் செடியின் ஒரு துண்டை அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். ஊர் நினைவுக்காக, தாழ்நிலத்துக்குரிய இரண்டு டென்ட்ரோபியம் செடிகளையும் மூன்று அந்துப்பூச்சி ஆர்க்கிட்டுகளையும் மட்டும் சூடேற்றிக்கு அருகில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் மிகக் குறைந்த வெப்பநிலையை ஏட்டில் குறித்தார். நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டையைப்போல அந்த ஏடு குடிலின் கதவில் தொங்கியது.

இரண்டாம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பள்ளி விடுமுறைக்காகப் பேரன் வந்து தங்கியிருந்தான். ஒருநாள் இரவு பதினொரு மணிக்குப் பனிப்புயலில் மின்சாரம் நின்றுபோனது. குடிலின் வெப்பமானி ஒரு மணி நேரத்தில் 12 பாகையிலிருந்து 9 பாகைக்கு இறங்கியது. உள்ளே நாற்பது சட்டிகள் இருந்தன.

“எல்லாவற்றையும் வீட்டுக்குள் தூக்கிவிடலாம், பாட்டி!” என்று பதறினான் பேரன்.

பாட்டியின் குரல் உயரவில்லை. “அவசரப் பிரிவில் எல்லாரையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது, தம்பி. யாரால் காத்திருக்க முடியாதோ, அவருக்குத்தான் முதலிடம். கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு வெளியே போகும். அதனால் இரண்டே நடையில் வேலையை முடிக்க வேண்டும்.”

தாழ்நிலச் செடிகள் ஐந்தையும் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஓரளவு குளிரைத் தாங்கும் செடிகளை நீர்ப்பீப்பாய்களைச் சுற்றி நெருக்கி வைத்து, மேலே பழைய போர்வைகளை விரித்தார்கள். பகல் முழுவதும் பீப்பாய்த் தண்ணீர் வாங்கி வைத்திருந்த வெப்பம், இனி மெல்ல மெல்ல வெளியேறும். இமயமலைச் செடியைப் பாட்டி இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

“இதை மூட வேண்டாமா?”

“இதன் ஊரில் இதைவிடக் குளிர் அதிகம். இது தாங்கும்.”

சொன்னாரே தவிர, அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மின்சாரம் திரும்பியபோது வெப்பமானி 5 பாகையைக் காட்டியது. அடுத்த சில நாள்களில் டென்ட்ரோபியம் ஒன்று இலை மஞ்சளித்துப் பட்டுப்போனது. அந்துப்பூச்சி ஆர்க்கிட் ஒன்றின் மொட்டுகள் அனைத்தும் உதிர்ந்தன. பாட்டி இரண்டையும் ஏட்டில் எழுதினார். பிறகு, வெப்பநிலை 8 பாகைக்கு இறங்கினால் ஒலிக்கும், மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைமணி ஒன்றை வாங்கிப் பொருத்தினார்.

மூன்று வாரம் கழித்து இமயமலைச் செடி பூத்தது. பனியைப்போல் வெண்மையான இதழ்கள். நடுவே மஞ்சள் தீற்றல். குளிர்காலத்தில் தண்ணீர் குறைந்து, இரவுகள் குளிர்ந்தால்தான் அது நன்றாகப் பூக்கும் என்பதைப் பேரன் நூலில் தேடிப் படித்தான். பாட்டியின் தாயார் வீட்டு வேலியில் பூத்த வாண்டா அந்தக் குடிலில் ஒருநாளும் பூக்கவில்லை. அது பூக்காது என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். விருப்பத்துக்காகச் செடியை வருத்துவதைவிட, இருக்கும் இடத்துக்கு ஏற்ற செடியைத் தேடி அன்பு காட்டுவதே மேல் என்பது அவர் கண்ட உண்மை.

அவ்வாண்டு பாட்டி அந்தச் செடியைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் பேரனுக்கு ஒன்றுமாகக் கொடுத்தார். பேரன் தன் சட்டிக்கு ஓர் அடையாளச் சீட்டு எழுதினான். பெயருக்குக் கீழே, செடியின் சொந்த ஊரையும் அது தாங்கும் குளிரின் அளவையும் மறவாமல் குறித்து வைத்தான்.