எண் இல்லாத பிள்ளைகள்

மலேசியாவின் பாகான் டாலாமில் மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கும் ஓர் அமைப்புக்குத் தகவல் முறைமையை வடிவமைத்தவன் நான். என் தரவு மாதிரியில் இருந்த பிழையால் சில பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. அதை மழுப்பாமல் எழுதுகிறேன்.

மாணவரின் 12 இலக்க அடையாள அட்டை எண்ணையே, ஒரு பதிவை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் முதன்மைச் சாவியாக வைத்தேன். பிறந்த தேதியும் மாநிலக் குறியீடும் அதிலேயே இருக்கின்றன. ஒருவருக்கு ஒரே எண். 1976இல் பீட்டர் சென் வகுத்த உருபொருள் - உறவு முறைப்படி, நான் வரைந்த மாதிரிப் படத்தில் ஒரு கோடும் தப்பில்லை.

ஆனால் பிறப்பே பதியப்படாத பிள்ளைகளும் குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளும் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மலேசியத் தமிழர் யாருக்கும் இது புதிதல்ல. எனக்கும் தெரியும். தெரிந்தும் அவர்களுக்குப் படத்தில் இடம் வைக்கவில்லை.

எண் இல்லாமல் திரை நகராது. முகப்பில் பதிவு செய்த அக்கா என்ன செய்வார்? தாயின் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பதிந்தார். அதே வீட்டின் இரண்டாவது பிள்ளைக்கு அந்த எண் ஏறவில்லை. முதல் பிள்ளையின் பெயர்க் கட்டத்திலேயே ஒரு சாய்கோடு போட்டு இரண்டாவது பெயரையும் எழுதினார். திரையில் ஒரு மாணவர், வீட்டில் இருவர். புத்தகப் பணம் ஒருவருக்குத்தான் போனது.

லிண்ட்லாண்ட், சிண்ட்ரே, சொல்வ்பெர்க் ஆகிய நார்வே ஆய்வாளர்கள் 1994இல் மாதிரியின் தரத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: குறியீட்டு இலக்கணம் சரியா, சொல்வது உண்மையாகவும் முழுமையாகவும் இருக்கிறதா, பார்ப்பவருக்குப் புரிகிறதா. நான் முதலாவதோடு நின்றுவிட்டேன். மூன்றாவதில்தான் என் குற்றம் பெரிது. செயற்குழுவினருக்குக் கட்டமும் கோடும் நிறைந்த படத்தைக் காட்டினேன். தலையாட்டினார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்த அக்காவை அழைக்கவே இல்லை. “அடையாள அட்டை எண் இல்லாத பிள்ளையைப் பதிய முடியாது” என்று தமிழில் சொல்லியிருந்தால், “அது எப்படி தம்பி?” என்று அங்கேயே யாராவது கேட்டிருப்பார்கள்.

பிறகு முறைமையே வழங்கும் எண்ணைச் சாவியாக்கினேன். அடையாள ஆவணத்தைத் தனி உருபொருளாகப் பிரித்தேன்: ஒருவரிடம் அது இல்லாமலும் இருக்கலாம், பின்னால் வரலாம், மாறலாம். படத்தைத் திருத்துவது எளிதாக இருந்தது. கலந்துபோன பெயர்களைப் பிரிக்கத்தான் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, படத்தின் ஒவ்வொரு கோட்டையும் தமிழிலோ மலாயிலோ ஒரு வாக்கியமாக எழுதுங்கள். முகப்பில் உட்காருபவரிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு வாங்குங்கள்.