கொச்சியில் கஞ்சி மணக்கும் ஒரு தமிழ்க் கூடம்

ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சீன வலைகளைப் பார்ப்பார்கள். வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் படம் எடுப்பார்கள். மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு படகேறிவிடுவார்கள். அடுத்த முறை ஓர் ஆட்டோ பிடித்து, 'தோபி கானா' என்று சொல்லிப் பாருங்கள். வெளி என்கிற பகுதியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது தமிழ்!

மலையாள வாடை கலந்த தமிழ்தான். 1663-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள், தங்கள் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து இவர்களின் முன்னோரை அழைத்து வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1795-ல் டச்சுக்காரர்கள் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். பிறகு அவர்களும் போனார்கள். துணி அழுக்காவது மட்டும் நிற்கவில்லை, இவர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போதுள்ள கூடம் 1970-களில் கட்டப்பட்டது. நிர்வாகம் வண்ணார் சங்கத்தின் கையில்.

வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டியும் துவைகல்லும். பின்னால் திறந்தவெளி முழுக்கக் கயிறுகள். கிளிப் என்ற பேச்சே இல்லை. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் துணி அசைவதில்லை. கிளிப் தடமும் விழுவதில்லை.

நான் அதிக நேரம் நின்றது இஸ்திரிக் கூடத்தில்தான். கொட்டாங்கச்சிக் கரி போட்ட கனத்த பெட்டி. மேசையில் ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டை. பெரியவர் முதலில் தொட்டது காலரை. அதைத் திருப்பிப் போட்டு உட்புறத்தைத் தேய்த்தார், அதுவும் முனையிலிருந்து நடுவை நோக்கி. மறுமுனையிலிருந்தும் அப்படியே. "நடுவுலேர்ந்து தள்ளினா மிச்சத் துணியெல்லாம் முனைக்கு வந்து சுருங்கிடும் தம்பி. முனைதானே முகத்துக்குப் பக்கத்துல இருக்கு?" என்றார். பிறகு வெளிப்புறம். கடைசியில் காலரை மடித்தபோது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையால் மட்டும் அழுத்தினார். மடிப்பின் மேலேயே பெட்டியை ஏற்றினால் காலர் காகிதம் மாதிரி தட்டையாகிவிடும், சீக்கிரத்தில் அந்தக் கோட்டிலேயே நூல் விட்டுப்போகும்.

விறைப்புக்குக் காரணம் அரிசிக் கஞ்சி. சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, விரலில் ஒட்டாத அளவுக்கு நீர்க்க வேண்டும். அலசிய ஈரத்தோடு சட்டையை அதில் முக்கி, லேசாகப் பிழிந்து, காலரைக் கையால் இழுத்து வடிவம் கொடுத்துத்தான் உலர்த்துகிறார்கள். மொரமொரவென்று காய்ந்த துணியை அப்படியே தேய்ப்பதில்லை. தண்ணீர் தெளித்து, சுருட்டி, சற்று நேரம் வைத்திருந்து எடுக்கிறார்கள். கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து நூலிழைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. கழுத்து வியர்வையும் எண்ணெயும் அந்தப் படலத்தில் தங்கி, அடுத்த துவைப்பில் அதோடு கரைந்து போகின்றன. கடையில் விற்கும் ஸ்ப்ரே அவசரத்துக்குச் சரி. இந்த விறைப்பு அதில் வராது என்பது என் கட்சி.

ஆனால் எல்லாச் சட்டைக்கும் இந்த வைத்தியம் செல்லாது. பாலியஸ்டரில் கஞ்சி சரியாகப் பிடிக்காது. இன்றைய ரெடிமேட் சட்டைகளில் காலருக்குள் இருக்கும் கேன்வாஸைப் பெரும்பாலும் சூடு வைத்துப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கல்லில் அறைந்தாலோ, முறுக்கிப் பிழிந்தாலோ, அதிகச் சூடு காட்டினாலோ பசை விட்டு அப்பளம் போலக் கொப்புளம் கிளம்பும். அப்புறம் எந்தப் பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதனால் அத்தகைய சட்டைகளின் காலரில் சோப்பைத் தடவி, கையால் மட்டும் கசக்குகிறார் பெரியவர். எது எந்த வகை என்பதை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்! முனைகளில் பிளாஸ்டிக் பட்டை இருந்தால், தண்ணீர் படுமுன் உருவி எடுத்துவிடுகிறார். வீட்டில் நாம் அதோடு சேர்த்தே மெஷினில் போட்டுவிடுகிறோம்.

நான் போன அன்று பல தொட்டிகள் காய்ந்து கிடந்தன. வீட்டுக்கு வீடு மெஷின் வந்த பிறகு, தங்கும் விடுதிகளின் விரிப்புகளும் துண்டுகளும்தான் இவர்களுக்குக் கைகொடுக்கின்றன. விரிப்புக்கு ஏது காலர்? அந்த விரல் நுணுக்கத்துக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. பெரியவரின் பிள்ளைகள் இருவரும் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வருத்தமா என்று கேட்டேன். "நல்லதுதானே! முதுகு ஒடியுற வேலை இது" என்றவர், அடுத்த சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பினார்.

கஞ்சி போட்ட சட்டையை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

துவைப்பதைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் இஸ்திரியைப் பார்க்கலாம். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தமிழிலேயே கேட்கலாம்.